ஏழாம் பக்கத்தில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்

போன மாதம், சிங்கப்பூரில் சொந்தமாகப் படக்கதை அச்சிடுகிறவர்கள் கூடும் சந்தை ஒன்றில் எனக்கு அரை மேசை கொடுத்தார்கள். மறு பாதியில் மாலினி என்ற பெண் உட்கார்ந்திருந்தார். கிளமெண்டியில் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறார். அவரும் படக்கதை போடுகிறார், ஆனால் எல்லாம் கைப்பேசிக்குள்ளேயே. கூட்டம் குறைந்த நேரத்தில் என் பழைய இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று நிமிர்ந்தார்.

"அங்கிள், ஒண்ணு கேக்கலாமா? எல்லா இஷ்யூலயும் ஏழாவது பேஜ் ஒரே மாதிரி இருக்கு. எல்லாரும் வரிசையா உட்கார்ந்து சாப்பிடறாங்க. கதை பஸ்ஸைப் பத்தி இருந்தாலும் சாப்பாடு, மழையைப் பத்தி இருந்தாலும் சாப்பாடு. ஏன்?"

"சும்மாதான்ம்மா."

"ஒன்பது வருஷமா சும்மாவா? பொய் சொல்லாதீங்க லா."

சிரித்துச் சமாளித்தேன். எனக்குப் பேச வராது. மூன்று பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். படம் வரையப் போனதே அதனால்தான் என்று நினைக்கிறேன். மாலினிக்கு அன்று சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இப்போது வேலையும் இல்லை, இதழும் இல்லை. வலது மணிக்கட்டு மருத்துவரின் கட்டுக்குள் இருக்கிறது. மெதுவாகத்தான் எழுத முடியும்.

ஆறாம் வகுப்புத் தேர்வை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் தேறவில்லை. படிப்பு அத்தோடு சரி. சில வருடம் கடைப் பலகை எழுதும் இடத்தில் வேலை, பிறகு கட்டாயப் படைப்பணியான தேசிய சேவை, அதன்பின் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த நகல் எடுக்கும் கடை. அங்கே இருபத்தாறு வருடம். முதலாளி பெயர் சேவியர். நான் எழுதும் தமிழ் பள்ளியில் கற்றதல்ல. கடைக்கு வந்தவர்கள் பிழையைக் காட்டிக் காட்டித் திருத்தியது.

சேவியர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் பூசைக்குப் போய்விட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு பத்து மணிக்குக் கடை திறப்பார். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுமுறைக்கு எங்கள் தேக்கா வட்டாரத்துக்கு வரும் நாள் அது. எந்தத் தாளானாலும் இயந்திரத்துக்குப் போகும் முன் ஓர் அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் படிப்பார். முடிந்ததும் இரண்டே பதில்கள்தான். "போடு." அல்லது "வேணாம்." நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு மரண அறிவிப்பு வேலை நிறைய வரும். இங்கே இறந்துபோன தொழிலாளியின் நண்பர்கள், ஊருக்கு அனுப்ப 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டி செய்து தரச் சொல்லி வருவார்கள். தோ பாயோவிலிருந்தும் ஈசூனிலிருந்தும் குடும்பங்கள் பதினாறாம் நாள் அட்டைக்கு வரும். சேவியர் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். வந்தவரை முதலில் உட்கார வைக்க வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் ஆளிடம் இறந்தவர் பெயரைக் கேட்கக் கூடாது. எழுதியதை நான் ஒரு முறை உரக்கப் படிக்க வேண்டும், அவர் ஒரு முறை படிப்பார், கடைசியில் வந்தவர் தன் வாயால் படிக்க வேண்டும். பலர் அந்த இடத்தில்தான் உடைந்து அழுவார்கள். சேவியர் அவசரப்படுத்த மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. கறுப்புக் கட்டத்துக்குள் இறந்தவர் பெயர் மட்டும்தான் இருக்கலாம். உயிரோடு இருப்பவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் அவர் பெயர் கட்டத்துக்கு வெளியே. ஒருநாள் இடம் போதாமல் ஒரு மனைவியின் பெயரை உள்ளே வைத்துவிட்டேன். சேவியர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார்.

"அந்தம்மா இன்னும் உள்ள போகல, வேலு. நாம தள்ளிவிடக் கூடாது."

அன்றிலிருந்து அந்தக் கோட்டை நான் தாண்டியதில்லை, ஒரு முறையைத் தவிர.

என் இதழின் பெயர் 'ஒரு தாள்'. உண்மையிலேயே ஒரு தாள்தான். அதை எட்டாக மடித்து, நடுவில் கத்தியால் ஒரு வெட்டுக் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் எட்டுப் பக்கச் சின்னப் புத்தகமாகிவிடும். நூல் வேண்டாம், கம்பி வேண்டாம். சட்டைப் பையில் அடங்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு அன்று முடிதிருத்தும் கடை, மளிகைக் கடை, எங்கள் கல்லா மேசை மூன்றிலும் வைத்துவிட்டு எதிர்ப்பக்கத் தூண் ஓரத்தில் நின்று பார்ப்பேன். என் கையால் யாருக்கும் கொடுத்ததில்லை. கூச்சம்.

இந்த அமைப்பில் ஆறாம் பக்கமும் ஏழாம் பக்கமும் சேர்ந்து திறக்கும். எட்டாவது பின்னட்டை. படிக்கிறவர் திருப்பினால்தான் எட்டு தெரியும். அதனால் ஏழில் மூச்சைப் பிடித்து நிறுத்தி எட்டில் விட வேண்டும் என்று நானே ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

செல்வம் கடவுச்சீட்டு நகல் எடுக்க வந்து பழக்கமானவர். கிராஞ்சிப் பக்கம் ஒரு விடுதியில், பதினான்காம் எண் அறையில் இருந்தார். கட்டுமான வேலை. இருபத்தாறு வயது. இடது புருவத்தின் மேல் ஒரு மச்சம். பழைய அடிபட்டு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். வாய் ஓயாது.

"அண்ணே, போன வாரம் மேல் கட்டில்லேருந்து உருண்டு வுழுந்துட்டேன். சாரத்துலேருந்து வுழுற மாதிரி கனவு. கண்ண முழிச்சா நெசமாவே தரையில கெடக்குறேன். ரூம்ல ஒருத்தனும் தூக்கல, எல்லாப் பயலும் சிரிக்கிறான்."

"நல்லா இருக்கே."

"என்னது நல்லா இருக்கா? இடுப்பு போச்சுண்ணே! சரி, அதப் படமாப் போடுங்க. என் மூஞ்சியவே போடுங்க. ஊர்ல காட்டணும். தங்கச்சிக்கு அடுத்த மாசக் கடைசியில நிச்சயம், சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அண்ணன் சிங்கப்பூர்ல படத்துல வந்துட்டான்னு கலா பெருமையடிச்சுக்கும்."

கலா அவருடைய ஒரே தங்கை. அவள் நிச்சயத்துக்காகத் தேக்காவில் பச்சைப் பட்டு ஒன்று எடுத்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். அதைக் கைப்பேசியில் எனக்குக் காட்டினார்.

அந்த இதழுக்கு ஒரு மாதம் உழைத்தேன். ஆறாம் பக்கத்தில் செல்வம் சாரத்திலிருந்து விழுகிறார். எட்டாம் பக்கத்தில் போர்வையோடு தரையில் கிடக்கிறார், அறையே சிரிக்கிறது. நடுவில் ஏழுக்கு என்ன வைப்பது என்று யோசித்தபோது கை தானாகவே கடை வேலைக்குப் போனது. பக்கம் முழுக்க ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் செல்வத்தின் முகம். அதைப் பென்சிலில் வரைந்து இரண்டு முறை நகல் எடுத்தேன். அப்படி எடுத்தால் பென்சில் கோடு புள்ளி புள்ளியாக உடைந்து புகைப்படம் போலவே ஆகிவிடும். முகத்தின் கீழே அவர் பெயர், வயது, 'அகால மரணம்'. அடியில் 'கண்ணீருடன், அறை எண் 14 நண்பர்கள்'. எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்புக் கட்டம்.

உயிரோடு இருக்கிறவரின் பெயரைக் கட்டத்துக்குள் வைக்கிறோம் என்று எனக்குத் தெரியும். வேடிக்கைதானே என்று நினைத்தேன். பக்கத்தைத் திருப்பினால் எழுந்துவிடப் போகிறார்.

சேவியர் அளவுகோலை வைத்துப் படித்தார். ஏழில் கொஞ்ச நேரம் நின்றார். எட்டைப் பார்த்து மூக்கால் சிரித்தார். பிறகு மறுபடி ஏழுக்குப் போய், "சுத்தமா இருக்கு," என்றார். இருபத்தாறு வருடத்தில் அந்த ஒரு முறைதான்.

அந்த ஞாயிறு தூண் ஓரத்தில் நின்று பார்த்தேன். முடிதிருத்தும் கடை வாசலில் நான்கு பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தார்கள். ஏழில் பேச்சு நின்றது. ஒருவர் "டேய்" என்று மட்டும் சொன்னார். எட்டைத் திருப்பியதும் சந்தே அதிரும்படி சிரித்தார்கள். வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷப்பட்ட நாட்களில் அது ஒன்று. மறைத்து என்ன பயன்?

மறுநாள் மாலை ஆறு மணி இருக்கும். செல்வம் கடைக்குள் வந்தார். வேலை பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. தரையெல்லாம் காய்ந்த மண். பின்னால் முருகேசன், அவருடைய அறைக்காரர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, நான் செத்துட்டேனாம்ணே."

சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகம் அப்படித்தான் கோணியிருந்தது.

நடந்தது இதுதான். முருகேசன் ஏழாம் பக்கத்தை மட்டும் படம் பிடித்து, 'நம்ம செல்வத்தப் பாத்தியா' என்று சிரிக்கிற பொம்மை போட்டு ஊரில் ஒரு நண்பனுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த நண்பன் வார்த்தையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் இன்னொருவருக்கு அனுப்பியிருக்கிறான். அது கைமாறிக் கைமாறி இரவுக்குள் செல்வத்தின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. என் பக்கம் உள்ளங்கை அளவுதான். கைப்பேசியில் பார்க்கிறவருக்கு அது உள்ளங்கை அளவா, சுவர் அளவா என்று எப்படித் தெரியும்? அவர்கள் பார்த்தது அசல் சுவரொட்டியை.

செல்வத்தின் கைப்பேசி அன்றிரவு சார்ஜ் தீர்ந்து உயிரில்லாமல் கிடந்தது. காலையில் வேலையிடத்துக்குப் போனதும் எல்லார் கைப்பேசியும் பெட்டிக்குள் போய்விடும். மதியம் சாப்பிடப் போனபோது எடுத்துச் சார்ஜ் போட்டுப் பார்த்தால் வரிசையாகத் தவறிய அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டால் மாமா எடுத்திருக்கிறார்.

"'மாமா, நான் செல்வம்'ங்குறேன். 'எவன்டா அது, சாவு வீட்டுல விளையாடுறவன்'னு கட் பண்ணிட்டாருண்ணே. திரும்ப அடிக்கிறேன். பின்னாடி ஒப்பாரி கேக்குது. என் பேரச் சொல்லித்தான் அழுவுறாங்க. எங்கம்மா குரல். நான் சாப்பாட்டுப் பொட்டலத்தக் கையில வெச்சிக்கிட்டு அதக் கேக்குறேன்."

அப்புறம் முகம் தெரியும்படி கூப்பிட்டிருக்கிறார். அம்மா கைப்பேசியை வாங்கி, திரையைத் தடவித் தடவிப் பார்த்தாராம். யாரோ பழைய வீடியோ ஓட்டுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதால், "வலது கையத் தூக்குடா, மச்சத்தத் தொடு" என்று சொல்லிச் செய்ய வைத்துத்தான் நம்பியிருக்கிறார்.

"சரி, நம்பிட்டாங்கள்ல," என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"புதன்கெழம நிச்சயம்ணே! போட்ட பந்தல்லயே உட்கார்ந்து ஒப்பாரி வெச்சிட்டாங்க. மாப்பிள்ள வீட்டுல மாலையோட வந்துட்டுப் போயிருக்காங்க. எனக்கு மாலை! இனிமே அவங்க பூ வைக்க வருவாங்களா? கலா பேசவே மாட்டேங்குது."

சேவியர் எழுந்து போய் இயந்திரத்தை நிறுத்தினார். கடை நேரத்தில் அது நின்று நான் பார்த்ததில்லை. அந்தச் சத்தம் நின்றதும் கடை வேறு இடம் மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியை இழுத்துச் செல்வத்தை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவங்க அம்மாகிட்ட நீ பேசணும், வேலு."

"முதலாளி, நீங்களே..."

"நானும் பாத்தேன், சுத்தமா இருக்குன்னு சொன்னேன். பாதி என்னுது. நான் அப்புறம் பேசறேன். முதல்ல நீ."

செல்வம் அழைத்துக் கைப்பேசியை என் கையில் கொடுத்தார். திரையில் ஓர் அம்மா. கலைந்த தலை, வீங்கிய கண். அவருக்குப் பின்னால் பந்தல் துணி, ரோஜா நிறத்தில்.

"நீங்கதான் வரைஞ்சதா தம்பி?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. எம்புள்ள அப்படியே இருந்தான். அதான் நம்பிட்டோம்."

சேவியரைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் எனக்கு உதவவில்லை. "மன்னிச்சிருங்கம்மா. அடுத்த பக்கத்துல எந்திரிச்சிருவாரும்மா," என்றேன்.

"அடுத்த பக்கம் எனக்கு வரலையே தம்பி."

அவர் திட்டவில்லை. யோசித்துப் பேசுகிறவர் மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பக்கத்துலயே ஒரு ஓரமா அவன் சோறு திங்குற மாதிரி போட்டிருக்கக் கூடாதா? நான் போன் பண்ணுனா மொதல்ல 'சாப்ட்டியா'ன்னுதான் கேப்பேன். சாப்ட்டேன்னு சொன்னா போதும், வச்சிருவேன். திங்குறான்னு பாத்திருந்தா உசுரோட இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல."

பிறகு சேவியர் பேசினார். அன்றே மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினோம். இது படக்கதை, வரைந்தவர் இன்னார், தவறு எங்களுடையது என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். முழுத் தாளையும் பிரித்து எட்டுப் பக்கமும் ஒன்றாகத் தெரியும்படி படம் பிடித்து அதோடு சேர்த்துச் செல்வம் கைப்பேசியில் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது, தரகர் மூலமாக. படம் என்று அவர்களுக்குப் புரிந்ததாம். யார் மேலும் கோபம் இல்லையாம். ஆனால் ஒப்பாரி வைத்த பந்தலில் தங்கள் வீட்டுப் பூவை வைக்க மனம் வரவில்லையாம்.

புதன்கிழமை நிச்சயம் நடக்கவில்லை. பச்சைப் பட்டு மடிப்பு கலையாமல் பெட்டிக்குள் போனது.

அடுத்த ஞாயிறு செல்வம் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று சொன்னார்.

"அண்ணே, உங்க மேல தப்பில்ல. போடுங்கன்னு சொன்னதே நான்தான். ஆனா இனிமே என் மூஞ்சிய வரையாதீங்க."

இதழை நிறுத்திவிடுவது என்று இருந்தேன். சேவியரிடம் சொன்னேன். "வேணாம்" என்றார். நிறுத்த வேண்டாம் என்கிறாரா, இதழ் வேண்டாம் என்கிறாரா என்று தெரியாமல் நின்றேன். "மாசக் கடைசி வருது. தாள் வெட்டி வெச்சிருக்கேன்," என்றார்.

அந்த மாதத்திலிருந்துதான் ஏழாம் பக்கம் அப்படி ஆனது. விடுதித் தாழ்வாரத்தில் பதினான்காம் அறைக்காரர்கள் எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கதையின் வித்தை எதுவானாலும் ஆறாம் பக்கத்துக்குள் முடிந்துவிட வேண்டும். எந்தப் பக்கமும் தனியாகப் பறந்து போனால் யாரையும் கொல்லக் கூடாது. யாராவது விழுந்தால் அதே பக்கத்தில் எழுந்துவிட வேண்டும். என் கதைகள் அதனால் சப்பென்று ஆகிவிட்டன என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான். பிறகு அப்படி ஒரு சிரிப்பை அந்தச் சந்தில் நான் கேட்கவில்லை.

எட்டுப் பேரில் ஏழு பேருக்கு முகம் உண்டு. ஒருவரை மட்டும் முதுகு தெரிய வரைந்தேன். அவரை விட்டுவிட்டு ஏழு பேர் என்று வரைய எனக்குக் கை வரவில்லை. இடம் காலியாக இருந்தால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

செல்வம் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. ஆனால் கடைசி ஞாயிறுகளில் முடிதிருத்தும் கடை அடுக்கிலிருந்து ஒரு தாளை எடுப்பார். தூண் ஓரத்திலிருந்து பார்ப்பேன். நேராக ஏழைத் திறப்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அப்புறம் வேலை அனுமதிச்சீட்டு நகல் எடுக்க உள்ளே வர ஆரம்பித்தார். மழை, வேலை, விடுதிச் சாப்பாடு என்று பேசுவோம். நான்கு வருடம் கழித்துக் கலாவுக்குக் கல்யாணம் என்று சொன்னார், பக்கத்து ஊரில் மின்சார வேலை செய்கிறவரோடு. பச்சைப் பட்டைத்தான் கட்டினாளா என்று கேட்க ஆசைப்பட்டேன். கேட்கவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் வயது காரணமாகச் சேவியர் கடையை மூட முடிவு செய்தார். என் மணிக்கட்டும் அதே சமயம் விட்டுவிட்டது. கடைசி இதழ் ஒன்றைப் போட்டு முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தபோது செல்வம் வந்தார். இப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது, முன்நெற்றியில் முடி குறைந்திருந்தது. ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். கையில் என் இதழ் ஒன்று. ஏழாம் பக்கத்தைத் திறந்து கல்லா மேசைமேல் வைத்தார்.

"இந்த முதுகு நான்தானேண்ணே?"

தலையாட்டினேன்.

"தோள் எறங்கியிருக்கே. எனக்கு அப்பவே தெரியும். எங்கம்மாவுக்கும் தெரியும். மாசாமாசம் இந்தப் பக்கத்த மட்டும் படம் புடிச்சி அனுப்பிருவேன். 'சரி, சாப்புட்டுட்டான்'னு சொல்லும்."

"ஒன்பது வருஷமாவா?"

"ஆமா. போன மாசம் கேக்குது, 'ஏன்டா, எல்லாரும் இந்தப் பக்கம் பாத்துத் திங்குறாங்க, நீ மட்டும் எவ்ளோ நாளைக்குத்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டே இருப்ப'ன்னு."

அவர் அந்த முதுகின் மேல் விரலை வைத்தார்.

"என்னத் திரும்பி உட்கார வைங்கண்ணே."

பதினோரு நாள் ஆனது. கட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் வரைவேன், மறுபடி கட்டிக்கொள்வேன். முகத்தை நகல் எடுக்கவில்லை, புள்ளியாக உடைக்கவில்லை. பேனாக் கோட்டிலேயே விட்டேன். சேவியர் அளவுகோல் வைத்துப் பார்த்தார். ஏழில் வரி எதுவும் கிடையாது. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை அளவுகோலை நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் "போடு" என்றார்.

அந்தப் பக்கத்துக்குக் கட்டம் போடவில்லை. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இடமிருந்து மூன்றாவது ஆள் செல்வம், புருவத்தின் மேல் மச்சம். ஒரு கன்னம் உப்பியிருக்கிறது. வாயில் சோறு.